முருங்கைக் கிளையில் மூன்று தேன்சிட்டுகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் வைத்திருக்கும் எல்லாரிடமும் நான் ஓயாமல் சொல்வது இதுதான்: ஒரு முருங்கை வையுங்கள், பக்கத்தில் ஒரு செம்பருத்தி வையுங்கள், காலையில் காப்பியோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். முருங்கை பூக்கத் தொடங்கிய நாளிலிருந்து வேறு எந்தப் பொழுதுபோக்கும் உங்களுக்குத் தேவைப்படாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கல் போக வேண்டும், பழவேற்காட்டுக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கெல்லாம் நானும் போகிறேன், இன்னும் போவேன். ஆனால் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது திருமுல்லைவாயில் வீட்டுத் தோட்டம்தான். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை, இரண்டு வாழை, சுவரோரம் செம்பருத்தியும் இட்லிப்பூவும், மதிலுக்கு அப்பால் இன்னும் யாரும் கட்டாத காலி மனை. இவ்வளவுதான். சுற்றிலும் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு, தெற்கே போனால் செம்பரம்பாக்கம் என்று தண்ணீர் இருக்கிறது. ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களுக்குள் வயதான மரங்கள் இருக்கின்றன. ஏரிக்கும் மரத்துக்கும் நடுவே போய் வரும் பறவைகளுக்கு நம் தோட்டம்தான் வழி. அதனால் தான் இந்தப் பகுதியில் வீட்டுக்குள் இருந்துகொண்டே இத்தனை வகை பார்க்க முடிகிறது.

இதில் எனக்கு உயிர் எது என்றால், ஒன்றைப் போலவே இருக்கும் இன்னொன்றைப் பிரித்து அறிவதுதான். மரங்கொத்தி வந்தால் குழந்தைக்கும் தெரியும். வெண்மார்பு மீன்கொத்தியின் நீலத்தைத் தவறவிட யாராலும் முடியாது. ஆனால் இரண்டு சின்னக் கறுப்புப் பறவைகள் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்து, இரண்டும் ஒன்றுதான் என்று கண் சொல்லும்போது, அலகில் ஒரு வளைவு, மார்பில் ஒரு பட்டை, வாலை ஆட்டும் விதம் என்று ஏதோ ஒன்று பிடிபட்டு, சட்டென்று இரண்டும் வேறு வேறாகப் பிரிந்து நிற்கும் பாருங்கள், அந்த நொடிக்கு ஈடு இணை கிடையாது. நேற்று வரை ஒரு பறவை வந்த தோட்டத்துக்கு இன்று முதல் இரண்டு பறவை வருகிறது. மரமும் அதேதான், நாற்காலியும் அதேதான்.

முருங்கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தேன்சிட்டைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் பகுதியில் மூன்று வகைத் தேன்சிட்டுகள் உண்டு. அதிகம் வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்கு நல்ல மஞ்சள் வயிறு, அரக்கு நிற முதுகு, ஊதாத் தொண்டை, உச்சந்தலையிலும் தோளிலும் பச்சை. நிழலில் இருக்கும்போது இந்த ஊதாவும் பச்சையும் வெறும் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் தலையைத் திருப்பி வெயில் பட்டதோ இல்லையோ, அப்படியே ஜொலிக்கும். இது சாயம் போல இறகில் ஏறிய நிறம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுச் சிதறி உண்டாவது. அதனால்தான் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. தேன்சிட்டை அடையாளம் காணும்போது நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தவர் ஊதாத் தேன்சிட்டு. பெயர் கிட்டத்தட்ட அதேதான், ஆள் வேறு. ஆணுக்கு வயிற்றில் மஞ்சள் என்பதே கிடையாது. தலை முதல் வால் வரை நீலமும் ஊதாவும் மின்னும் கறுப்பு. மஞ்சள் வயிறா, கறுப்பு வயிறா என்று பார்த்தால் முதல் இரண்டு ஆண்களையும் பிரித்துவிடலாம். இதுவரை சுலபம்.

மூன்றாமவர் வந்ததும்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். லோட்டன் தேன்சிட்டு! இதன் ஆணும் கறுப்பு. இதுவும் மின்னும். ஊதாத் தேன்சிட்டு உட்காரும் அதே கிளையில்தான் இதுவும் உட்காரும். தோளோரம் மறைந்திருந்து சிலிர்க்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கும் மஞ்சளும் சிவப்புமான இறகுக் கொத்தும் இரண்டுக்கும் உண்டு. அப்புறம் எப்படிப் பிரிப்பது? அலகைப் பாருங்கள். லோட்டனின் அலகு அவ்வளவு நீளம், அப்படியொரு வளைவு, அந்தச் சின்ன உடம்புக்கு இது தகுமா என்று தோன்றும். ஊதாத் தேன்சிட்டின் அலகும் வளைந்ததுதான், ஆனால் அளவோடு நிற்கும். வெளிச்சம் நன்றாக இருந்தால் இன்னொன்றும் தெரியும்: லோட்டனின் மார்பில் குறுக்கே ஒரு அரக்குப் பட்டை ஓடும், அதற்குக் கீழே வயிறு பழுப்பு கலந்து மங்கியிருக்கும். ஊதாத் தேன்சிட்டுக்கு வயிறும் சேர்ந்து கருநீலம்.

இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் லோட்டன் தேன்சிட்டு உலகில் வேறெங்கும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் எழுதி வைத்துத் தேடும் பறவை நம் கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பெயருக்குரிய ஜோன் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை டச்சுக்காரர்களின் ஆளுநராக இலங்கையில் இருந்தவர். இயற்கையில் தீராத ஆர்வம் கொண்ட அவர், பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரை அமர்த்தி அந்தத் தீவின் பறவைகளை வரைய வைத்தார். 1766இல் லின்னேயஸ் இந்தத் தேன்சிட்டுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோட்டன் பெயரையே வைத்தார். இத்தனை கதையையும் சுமந்துகொண்டு அது செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்குகிறது! செம்பருத்தியிடம் அது செய்யும் வேலையையும் கவனியுங்கள். பூவின் வாய்க்குள் போகாமல், அடிப்பக்கத்தில் அலகால் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தத்தைத் தொடாமலே காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் விழுந்து கிடக்கும் பூவை எடுத்துப் பார்த்தால் புல்லி வட்டத்துக்கு மேலே அந்தக் கீறல் இருக்கும்.

பெண் தேன்சிட்டுகளிடம்தான் உண்மையான ருசி இருக்கிறது. மூன்றுமே மேலே மங்கல், கீழே மஞ்சள். ஊதாப்பிட்டுப் பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, அதற்குக் கீழேதான் மஞ்சள் தொடங்கும். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே வெளிறிய மஞ்சள், கண்ணுக்கு மேல் லேசான ஒரு வெளிர் கோடு. லோட்டன் பெண்ணுக்கு அந்தக் கோடு இல்லை, நீண்ட அலகே போதும். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு எதிர்வீட்டுப் பையன் என்னைவிட வேகமாகச் சொல்கிறான். ஒரு நாள் ஓடி வந்து, "அங்கிள், நாலாவது வகை வந்திருக்கு! வயிறு மஞ்சளா இருக்கு, நடுவுல கறுப்பா ஒரு கோடு, தொண்டையில இருந்து கீழ வரைக்கும்!" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "நாலாவது இல்லடா கண்ணா, இது ஊதாத் தேன்சிட்டு ஆண்தான். குஞ்சு பொரிச்சு முடிஞ்சதும் கல்யாணச் சட்டையைக் கழட்டி வெச்சிடுவார். சீசன் வந்தா திரும்பப் போட்டுக்குவார்" என்றேன். அந்தக் கறுப்புக் கோட்டை யாரும் சொல்லிக் கொடுக்காமல் கவனித்திருக்கிறான் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.

தேன்சிட்டுப் பெண் என்று நினைத்துக் கடந்து போகும் இன்னொரு பொடிசு உண்டு. பூங்கொத்தி. 8 சென்டிமீட்டர்தான் இருக்கும், இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. மங்கலான சாம்பல் பச்சை, வால் குட்டை, அலகும் குட்டை, இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். "டிக், டிக்" என்று ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். தேன்பழ மரம் உள்ள வீடு என்றால் நிச்சயம் வரும். மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருந்தால் அங்கேயும் இருக்கும். புல்லுருவிப் பழத்தின் விதை பிசுபிசுப்பாக ஒட்டும். எச்சத்தோடு வரும் அந்த விதையைக் கிளையில் தேய்த்து விடுவதற்குப் பூங்கொத்தி படும் பாட்டை அருகில் இருந்து பார்க்க வேண்டும்! அப்படித் தேய்த்த இடத்தில்தான் அடுத்த புல்லுருவி முளைக்கிறது.

கறுப்புப் பறவைகளுக்கு வருவோம். காகம் யாருக்கும் தெரியும் என்பார்கள். சாம்பல் கழுத்து வீட்டுக்காகமும், உடல் முழுக்கக் கறுத்துத் தடித்த அலகோடு வரும் அண்டங்காக்கையும் வேறு வேறு இனம் என்பதைக் கவனித்தவர்கள் கொஞ்சம்தான். அமாவாசைச் சோற்றுக்கு மொட்டை மாடியில் இரண்டும் வரும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண் குயிலைக் காகம் என்று தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, கையைப் பிடித்து நிறுத்தியாவது காட்டிவிடுவேன். குயிலின் கண்ணைப் பாருங்கள்! ரத்தச் சிவப்பு. அலகு கறுப்பில்லை, வெளிறிய பச்சை. வால் நீளம், உடம்பு ஒல்லி, காகம் போல வெட்டவெளியில் உட்காராமல் இலைக்குள் ஒளியும். மாசி, பங்குனியில் விடிவதற்கு முன்பே கூவத் தொடங்குவது இந்த ஆண்தான். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக வரும் பெண்ணை வேறு ஏதோ பறவை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் குரலும் கூவல் இல்லை, "கிக் கிக் கிக்" என்று வேகமாக வெட்டும் கத்தல். கறிவேப்பிலைப் பழம் பழுத்துக் கறுக்கும் நாட்களில் ஆணும் பெண்ணும் ஒரே செடியில் வந்து தின்னும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கும்.

சிவப்புக் கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் செம்போத்து வந்து குழப்பும். அதற்கும் கறுப்பு உடல், அதற்கும் சிவப்புக் கண். ஆனால் செம்போத்துக்குச் செங்கல் நிறச் சிறகு. தரையில் நடக்கும், புதருக்குள் நுழையும், "ஊப் ஊப் ஊப்" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கும். குயிலுக்கு உறவுதான் என்றாலும் அடுத்தவர் கூட்டில் முட்டையிடாது, தானே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. கரிச்சான் என்பதும் இதுதான், வலியன் என்பதும் இதுதான். திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் ஆண்டாள் சொல்லும் ஆனைச்சாத்தன் இதுவே என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். மார்கழியில் இருட்டு கலையும் முன் எங்கள் தெருவில் இது பேசுவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாசுரம் வேறு மாதிரி புரியும். குளிர்காலம் வந்தால் இதற்கும் ஒரு இரட்டையர் வந்து சேர்வார்: சாம்பல் கரிச்சான். அதே பிளந்த வால், அதே நிமிர்ந்த உட்காரல். வித்தியாசம், வயிற்றுப் பக்கம் ஈயச் சாம்பல், கண் அடர் சிவப்பு, வாயோரத்தில் கறுப்புக் கரிச்சானுக்கு இருக்கும் சிறு வெள்ளைப் புள்ளி இதற்குக் கிடையாது. இடமும் காட்டிக் கொடுக்கும். நம்மவர் கம்பியிலும் வேலியிலும் திறந்த வெளியில் இருப்பார், விருந்தாளி மரத்தின் உச்சிக் கிளையைத் தேடுவார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வழியும் வீடுகளில் ஒரு கறுப்பு வெள்ளை ஜோடிக் குழப்பம் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. குண்டுக்கரிச்சானும் வெண்புருவ வாலாட்டியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டுக்கும் கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, சிறகில் வெள்ளைப் பட்டை. இரண்டும் அருமையாகப் பாடும். ஆனால் வாலாட்டிக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைப் புருவம். குண்டுக்கரிச்சானுக்குப் புருவம் இல்லை. அவ்வளவு தூரத்தில் புருவம் தெரியவில்லையா? நடையைப் பாருங்கள். வாலாட்டி காலை மாற்றி மாற்றி வைத்து ஓடும், நின்றதும் வாலை மேலும் கீழும் அடிக்கும். குண்டுக்கரிச்சான் இரண்டு காலும் சேர்த்துத் தத்தும், வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும். காலி மனையில் குதிக்கும் கருஞ்சிட்டும் வாலைத் தூக்கும், அது இன்னும் சிறியது, வயிறும் கறுப்பு, தூக்கிய வாலுக்கடியில் செங்காவி தெரியும்.

இந்த வாலாட்டி மேல் எனக்குத் தனிப் பாசம். மற்ற வாலாட்டிகள் எல்லாம் குளிர்காலத்தில் வந்து போகிறவை. இது ஆண்டு முழுக்க நம்மோடு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி அடியிலும் கூரை இடுக்கிலும் கூடு வைக்கிறது. இதன் அறிவியல் பெயர் மோட்டாசில்லா மடெராஸ்படென்சிஸ். 1789இல் க்மெலின் வைத்தது. நம் மெட்ராஸேதான்! இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பதிவுகளில் ஒன்றும் இந்த ஊரிலிருந்து போனதுதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பி வைத்த பறவைப் படங்கள், ஜான் ரே எழுதிய நூலோடு சேர்ந்து 1713இல் லண்டனில் வெளிவந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பறவை பார்க்கும் ஊர் நம்முடையது. அதே ஊரில் மயிலாப்பூர் வீட்டில் இருந்துகொண்டு மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார். வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரணப் பறவைகளையும் அணிலையும் அவர் எழுதியதைப் படித்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், உடனே எழுந்து ஜன்னலுக்குப் போவார்கள்.

என் தோட்டத்தில் நான் பார்த்ததிலேயே என்னை உலுக்கிப் போட்ட இரட்டை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வல்லூறும் அக்காக் குயிலும். வல்லூறு வேட்டைப் பறவை. ஓணான், எலி, சின்னப் பறவை எதையும் விடாது. இந்தப் பகுதியின் வேம்பிலும் மாமரத்திலும் கூடு கட்டுகிறது. அது தோட்டத்துக்குள் நுழைந்தால் ஒரே நொடியில் அணில் முதல் மைனா வரை எல்லாம் கூச்சல் போட்டு, பிறகு சுத்தமாக அடங்கிவிடும். அக்காக் குயிலோ புழு பூச்சியும் பழமும் தின்னும் பிராணி. ஆனால் அதே சாம்பல் முதுகு, அதே வரி போட்ட வயிறு, அதே பட்டை வால், இரண்டு மூன்று அடி அடித்து மிதக்கும் அதே பறப்பு. கிளையில் வந்து இறங்கும்போது கூட வல்லூறு போலவே மேலேறி உட்கார்ந்து வாலை அசைக்கும். பார்த்த மாத்திரத்தில் சின்னப் பறவைகள் பதறிப் போய்க் கலைகின்றன. அதற்குள் அது தவிட்டுக்குருவியின் கூட்டில் போய் முட்டையிட்டு விடுகிறது. தவிட்டுக்குருவியின் முட்டை நீலம். இதன் முட்டையும் நீலம்! கூட்டுக்காரியையும் ஏமாற்றுகிறது, ஊரையும் மிரட்டுகிறது. இப்படியொரு திட்டத்தை இயற்கை போட்டு வைத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குத் தலை சுற்றுகிறது.

பிரிப்பது எப்படி? முதலில் அலகு. வல்லூறுக்குக் குட்டையாகக் கீழ்நோக்கி வளைந்த கொக்கி. அக்காக் குயிலுக்கு நேராக நீண்ட மெல்லிய அலகு. பிறகு கால். வல்லூறின் மஞ்சள் கால்கள் நீளமாக, விரலும் நகமுமாக நன்றாகத் தெரியும். குயிலின் கால் குட்டை, உட்கார்ந்தால் இறகுக்குள் மறைந்தே போய்விடும். வல்லூறின் தொண்டை நடுவில் ஒற்றை மெல்லிய கோடு இறங்கும். அக்காக் குயிலுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குரல் கேட்டுவிட்டால் இத்தனையும் தேவையில்லை. படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் அந்த மூன்று அசைக் கூப்பாடு, கோடையிலும் மழைக்கு முன்னாலும் ராத்திரியில் கூடக் கேட்கும். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் ஆயா ஒரு நாள் கூடையை இறக்கியதும் அதைக் கேட்டுவிட்டு, "அக்காவக் கூப்புடுது பாரு பா, மழ வரப் போவுது" என்றார். "நீங்க பாத்திருக்கீங்களா ஆயா?" என்றேன். "பாத்தா வல்லூறு கணக்கா இருக்கும். ஆனா கோழிக்குஞ்சு பக்கம் போவாது" என்றார். பறவை நூல் அரைப் பக்கத்தில் சொல்வதை ஆயா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வானத்தில் சுற்றும் பருந்துக்கும் கருடனுக்கும் வால் ஒன்றே போதும். பருந்தின் வால் நடுவில் உள்வாங்கியிருக்கும், செம்பருந்தான கருடனின் வால் விளிம்பு வட்டமாக இருக்கும். கோயில் கும்பாபிஷேகத்தில் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து கருடனைத் தேடும்போது இதைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெண்தலையும் செம்முதுகும் இளம் கருடனுக்கு இருக்காது, உடம்பெல்லாம் பழுப்பாகப் பருந்து போலவே இருக்கும், அப்போதும் வால் காப்பாற்றும்.

புறாக்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிடரியில் சதுரங்கக் கட்டம் இருந்தால் புள்ளிப்புறா. அதைவிடச் சிறியதாக, கட்டம் தொண்டைப் பக்கம் இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. கழுத்துக்குப் பின் அரை வளையமாகக் கறுப்புக் கோடு என்றால் கள்ளிப்புறா, இதைப் பூந்தமல்லிக்கு மேற்கே வெட்ட வெளிகளில் பார்க்கலாம். கொண்டைக்குருவியில் கறுப்புத் தலையும் வாலடியில் சிவப்புமாக மாடிக் கைப்பிடியில் வந்து உட்காருவது செம்புழைக் கொண்டைக்குருவி. புதருக்குள்ளிருந்து திடீரென்று வெடித்துப் பாடிவிட்டு முகத்தையே காட்டாமல் இருப்பது வெண்புருவக் கொண்டைக்குருவி.

புதருக்குள் ஒளியும் சின்னஞ்சிறு பழுப்புக் குருவிகளுக்கு மட்டும் வேகம் கூடாது. பலர் இங்கே வந்ததும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இங்கேதான் காதுக்கு வேலை. தையல்சிட்டு என்றால் செம்பழுப்பு உச்சி, நிமிர்ந்த வால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த "டுவிட் டுவிட் டுவிட்". சாம்பல் கதிர்க்குருவிக்கும் நிமிர்ந்த வால்தான், ஆனால் தலையும் முதுகும் சாம்பல், வயிறு இளங்காவி, கண் சிவப்பு. பறக்கும்போது சிறகிலிருந்து சின்னச் சின்னதாகச் சொடுக்குச் சத்தம் வரும். கூட்டை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இலையைத் தைக்கும் வித்தை கதிர்க்குருவிக்கும் தெரியும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இன்னொருவர் சத்தமில்லாமல் வந்து சேர்ந்திருப்பார். தலை முதல் வால் வரை ஒரே மங்கலான பழுப்பு, வாலை நிமிர்த்த மாட்டார், எந்த அடையாளமும் இல்லை. தாழ்ந்த புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்குவது மாதிரி "சக்... சக்" என்று மட்டும் வரும். அதுதான் பிளைத் நாணல் கதிர்க்குருவி. 1841இல் கல்கத்தாவுக்கு வந்து ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் பெயரில் வழங்குவது. பின்லாந்திலும் ரஷ்யாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பாலைவனமும் மலையும் தாண்டி, சித்திரை வரை தங்குவதற்கு அம்பத்தூரில் ஒரு செம்பருத்திப் புதரைத் தேர்ந்தெடுக்கிறது! அதே நாட்களில் மரத்தின் மேல் கிளைகளில், சிறகில் மெல்லிய வெளிர் கோட்டோடு இலை இலையாகத் தாவி, இரண்டு அசையில் சத்தம் கொடுப்பது பச்சைக் கதிர்க்குருவி. கீழே "சக்" என்றால் பிளைத், மேலே இரட்டை அசை என்றால் பச்சை. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு சார், இப்போது பைனாகுலரே இல்லாமல் வாசல் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சொல்கிறார். "இவ்வளவு நாளா இது பாட்டுக்கு இங்கதான் கத்திக்கிட்டு இருந்துதா தம்பி?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் செலவு அதிகமில்லை. 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை, தோட்டத்துப் பறவை பத்தடி தூரத்தில்தானே இருக்கிறது. முதலில் அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். அடுத்து அலகு, அதற்கடுத்து வால், கடைசியாக நிறம். படத்தை எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். நடையும் குரலும் படத்தில் வராது. சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' நூல் 1941இல் வந்தது, இன்றும் அதன் பதிப்புகள் கிடைக்கின்றன. தமிழ்ப் பெயர்களுக்கு க. ரத்னம் திரட்டிய 'தமிழில் பறவைப் பெயர்கள்' இருக்கிறது. கூட்டாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. கோடையில் அகலமான மண் சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். முருங்கையை வெட்டிக் கழிக்கும் முன் தேன்சிட்டுக் கூடு தொங்குகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சிலந்தி வலையும் பட்டைத் தூளும் வைத்துப் பெண் சிட்டு தனியாகக் கட்டும் அந்தப் பை, காய்ந்த சருகு போலத்தான் தெரியும். துணி காயப் போடும் கொடியிலும் தொங்கும். குஞ்சு பறந்து போகும் வரை அந்தக் கொடியை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுத் தோட்டம், மொட்டை மாடி, தெருமுனை மரம், எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட வகைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் இந்த முறை நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை, வேண்டுகோள். பொங்கல் பானை பொங்குவதற்கு முன்னாலும் பார்க்கலாம், பின்னாலும் பார்க்கலாம். எந்தக் கதிர்க்குருவி என்று கடைசி வரை பிடிபடவில்லை என்றால் வெறும் 'கதிர்க்குருவி இனம்' என்றே பதிவு செய்யலாம், அதற்கும் அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.